குறட்டை, மூச்சடைப்பு, தூக்கமின்மை: காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து தூக்கக் கோளாறுகளுக்காக என்னிடம் வருகிறவர்களும், அவர்களை அழைத்துவருகிற வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பலர் நாற்காலியில் உட்கார்ந்ததுமே நல்ல தூக்க மாத்திரையாக ஒன்று எழுதித் தரும்படி கேட்கிறார்கள். காய்ச்சலைப் போலத் தூக்கக்கேடும் ஒரு நோய்க்குறிதான். பின்னால் இருப்பது மூச்சடைப்பா, இரும்புச்சத்துக் குறைவா, மனச்சோர்வா, வயலில் இரவு வேலையா என்று பார்க்காமல் மாத்திரை எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கீழே உள்ள விடைகள் நீளமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

ஒருவர் நாளுக்கு எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்?

வளர்ந்தவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 7 முதல் 8, பதின்ம வயதினருக்கு 8 முதல் 10, பள்ளிப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 என்பது பொதுவான அளவு. இரவு ஒன்பதுக்குப் படுத்து விடிகாலை நான்குக்கு எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போகிறவர் ஏழு மணி நேரம் தூங்கிவிட்டார். அவர் சீக்கிரம் விழித்துக்கொள்வது நோயல்ல. மணிக்கணக்கைவிட, பகலில் தெளிவாக இருக்கிறீர்களா என்பதையே நான் முதலில் கேட்பேன். கைக்கடிகாரம் காட்டும் தூக்கக் கணக்கைப் பார்த்துப் பயந்து வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். அந்தக் கடிகாரம் கையின் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறதே தவிர மூளையின் மின்னலைகளை அளப்பதில்லை. அதில் ஆழ்ந்த தூக்கம் குறைவு என்று வந்ததற்காக மறுநாள் இரவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் வீட்டுக்காரர் படுத்த ஐந்தாவது நிமிடமே குறட்டை விடுகிறார். அசந்து தூங்குகிறார் என்றுதானே பொருள்?

இல்லை. குறட்டை தூக்கத்தின் ஆழத்தைக் காட்டும் ஒலியல்ல, தொண்டையில் காற்றுப் போகும் வழி குறுகியிருப்பதைக் காட்டும் ஒலி. தூங்கும்போது நாக்கின் அடிப்பகுதியும், உள்நாக்கும், அதை ஒட்டிய மென்மையான சதையும் தளர்கின்றன. குறுகிய வழியில் காற்று புகும்போது அந்தச் சதை அதிர்கிறது. அதிர்வதோடு நின்றால் பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தொல்லை. ஆனால் வழி முழுதும் அடைபட்டு, மார்பும் வயிறும் மூச்சுக்காக ஏறி இறங்கியும் காற்றே உள்ளே போகாமல் பத்து வினாடியோ அதற்கு மேலோ நின்றால் அதற்குப் பெயர் தூக்க மூச்சடைப்பு. மருத்துவர்கள் சீட்டில் ஸ்லீப் ஆப்னியா என்று எழுதுவார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை திடுக்கிட்டு ஒரு நொடி விழிக்கிறது, தொண்டை திறக்கிறது, பெரிய சீறலோடு மூச்சு திரும்புகிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இந்த விழிப்புகள் தூங்கியவருக்குக் காலையில் நினைவில் இருப்பதில்லை.

மூச்சு நிற்பதும் பாதியாகக் குறைவதும் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை நிகழ்கின்றன என்று எண்ணி நோயின் கடுமையைச் சொல்வோம். 5-க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15 வரை இலேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்று பொருள். இரவெல்லாம் யாரோ இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் தோளைத் தட்டினால் எப்படித் தூங்குவீர்களோ, அப்படித்தான் அவர் தூங்குகிறார்.

திருவையாற்றுப் பக்கத்திலிருந்து கணவரை அழைத்துவந்த ஓர் அம்மாள், குறட்டைச் சத்தம் நின்றதும் தான் விழித்துக்கொள்வதாகவும், அவர் நெஞ்சில் கையை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருப்பதாகவும், முப்பதைத் தாண்டினால் உலுக்கிவிடுவதாகவும் சொன்னார். சத்தத்துக்கு அல்ல, சத்தம் நிற்பதற்குப் பயந்து அவர் விழித்திருந்தார். எந்தக் கருவியும் வைப்பதற்கு முன்பே நோய் பாதி தெரிந்துவிட்டது. நீங்களும் அப்படிக் கவனித்திருந்தால் செல்போனில் இரண்டு நிமிட வீடியோ எடுத்து வாருங்கள். மார்பு தெரியும்படி எடுத்தால் இன்னும் நல்லது.

சிகிச்சை இல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

மூன்று மருந்து சாப்பிட்டும் இறங்காத ரத்தக்கொதிப்பு, சீரற்ற இதயத்துடிப்பு, பக்கவாதம், கட்டுக்குள் வராத சர்க்கரை ஆகியவற்றோடு இந்த நோய்க்கு நெருங்கிய தொடர்பு உண்டு. இவற்றுக்கெல்லாம் முன்னதாக நேரக்கூடியது சாலை விபத்து.

பஸ்சில் உட்கார்ந்தாலே தூங்கிவிடுகிறேன். இது அசதியா, நோயா?

மெல்போர்னில் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-ல் வகுத்த எட்டுக் கேள்விகள் கொண்ட அளவுகோலை உலகெங்கும் இதற்குப் பயன்படுத்துகிறோம். படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, வண்டியில் பயணியாக ஒரு மணி நேரம் போகும்போது, பிற்பகலில் படுக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, சாப்பிட்டபின் அமைதியாக உட்காரும்போது, போக்குவரத்தில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை எண் கொடுக்க வேண்டும். மொத்தம் 24; பத்தைத் தாண்டினால் மேலே பார்க்க வேண்டும். நம் ஊருக்கு ஏற்றபடி நான் கேட்பது இப்படி: தஞ்சாவூரில் ஏறி கும்பகோணம் போவதற்குள் தூங்கிவிடுவீர்களா என்றால் பலரும் ஆம் என்பார்கள், அது பெரிதல்ல. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிவிடுகிறீர்களா என்பதற்கும் ஆம் என்றால், சிகிச்சை தொடங்கும்வரை நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது.

ஒல்லியானவர்களுக்கும் பெண்களுக்கும் இது வருமா?

வரும். பருமனும், 40 சென்டிமீட்டரைத் தாண்டிய கழுத்துச் சுற்றளவும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்றாலும், கீழ்த்தாடை சிறுத்துப் பின்னுக்கு இருப்பவர்களுக்கும், டான்சில் பெரிதாக இருப்பவர்களுக்கும் எடை கூடாமலே வரும். மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு வாய்ப்பு ஏறுகிறது. ஆனால் அவர்கள் குறட்டை என்று சொல்லி வருவதில்லை. அசதி, காலையில் தலைவலி, தூக்கம் பிடிக்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள். பெண் குறட்டை விடுவதாகச் சொல்வதற்கு வீட்டில் எல்லோருக்கும் கூச்சம். அதனால் கணவரைவிட மகளைத் தனியே கேட்பது எனக்குப் பயன்படுகிறது.

மாமனார் இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். சர்க்கரையும் இல்லை, புராஸ்டேட்டும் சரியாக இருக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன்?

தொண்டை அடைபட்டிருக்கும்போது மூச்சை உள்ளிழுக்க முயல்வதால் மார்புக்குள் அழுத்தம் மாறி, இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் மிகுந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோன் ஒன்றை இதயம் சுரக்கிறது. எனவே குறட்டையும் இருந்து இரவில் அடிக்கடி எழவும் நேர்ந்தால் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்லுவோம். மூச்சடைப்பைச் சரிசெய்தபின் நான்கு முறை ஒன்றாகக் குறைவதுண்டு. எழுகிற அவசரத்தில் ரேழியின் இருட்டில் தடுக்கி விழாமல் இருக்க ஒரு சிறு விளக்கை எரிய விடுங்கள்.

சிபாப் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது? வாழ்நாள் முழுதும் போட வேண்டுமா?

தூக்க மூச்சடைப்புக்காகச் சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981-ல் வெளியிட்ட முறை இது. இயந்திரம் ஆக்சிஜன் கொடுப்பதில்லை. அறைக் காற்றையே இலேசான அழுத்தத்தோடு குழாய் வழியாக முகமூடிக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தம் தொண்டைச் சதை ஒட்டிக்கொள்ளாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. மழையில் பந்தல் துணி தொங்காமல் கழி கொடுத்து நிறுத்துவதுபோல என்று சொன்னால் கிராமத்தில் உடனே புரிந்துகொள்கிறார்கள். போட்டிருக்கும்வரை வேலை செய்யும், கழற்றினால் செய்யாது. கண்ணாடி போடுவதைப் போல. எடை நன்றாகக் குறைந்தவர்களுக்கு மறுபரிசோதனை செய்து நிறுத்தியதும் உண்டு. மற்றவர்களுக்குத் தொடர வேண்டியிருக்கும்.

கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில்தான் கைவிடுகிறார்கள். முகமூடி அளவு பொருந்தாததே முக்கியக் காரணம், அதை மாற்றிக் கொடுக்கலாம். முதல் சில நாட்கள் மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகுங்கள். இரவில் நான்கு மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றிவிடுவது போதாது. கனவுத் தூக்கம் பின்னிரவில்தான் மிகுதி, அப்போதுதான் தொண்டைத் தசை மிகவும் தளர்ந்து மூச்சடைப்பு கூடுகிறது.

கரண்ட் போனால் என்ன செய்வது? மூச்சு முட்டிவிடுமா?

டெல்டாவில் இயந்திரம் வாங்க நினைக்கும் ஒவ்வொரு குடும்பமும் கேட்கும் கேள்வி. மூச்சு முட்டாது. மூக்கு முகமூடியில் வெளிமூச்சு போகும் துளைகள் உண்டு, வாயாலும் மூச்சு விடலாம். வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் முகமூடியில் காற்று நின்றதும் தானாகத் திறக்கும் வால்வு இருக்கிறது. விழித்துக்கொண்டு கழற்றிவிடுவீர்கள், அவ்வளவுதான். வீட்டு இன்வெர்ட்டரில் இயந்திரத்தை இணைக்கலாம். காற்றை ஈரமாக்கும் வெந்நீர்த் தொட்டியை அணைத்துவிட்டால் மின்செலவு பாதிக்கும் கீழே இறங்கும், பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும். நம் பகுதியின் புழுக்கத்தில் பலருக்கு அந்தத் தொட்டியே தேவைப்படுவதில்லை என்பது என் அனுபவம்; மூக்கு வறண்டால் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறியபின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் இயந்திரம் இல்லாமல் செய்யக்கூடியவை: ஒருக்களித்துப் படுப்பது, தலைமாட்டை உயர்த்திக்கொள்வது, மதுவையும் தூக்க மாத்திரையையும் அறவே தொடாமல் இருப்பது. ஒரு வாரம் இயந்திரம் இல்லாததால் உயிருக்கு உடனே ஆபத்து இல்லை, ஆனால் பகல் தூக்கம் திரும்பிவிடும். அந்த நாட்களில் டிராக்டரிலும் பைக்கிலும் ஏற வேண்டாம்.

தொட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரே வேண்டும். கடலோர ஊர்களின் போர் தண்ணீரை ஊற்றினால் சில நாட்களில் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். வாகன பேட்டரிக்கு விற்கும் தண்ணீரும் கூடாது. அது மூச்சோடு உள்ளே போவதற்காகத் தயாரித்ததல்ல. கொசுவலை கட்டுகிறவர்கள் இயந்திரத்தை வலைக்கு வெளியே ஸ்டூலில் வைத்து, குழாயை மெத்தைக்கும் வலைக்கும் இடையே செருகிக்கொள்ளலாம். கொசுவர்த்திப் புகை மட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் வேண்டாம், அது நேரே தொண்டைக்குள் வரும்.

இயந்திரம் தவிர வேறு வழி இல்லையா?

இருக்கிறது, எல்லோருக்கும் இல்லை. மல்லாந்து படுக்கும்போது மட்டும் மூச்சு நிற்கிறவர்களுக்கு, பனியனின் முதுகில் பை தைத்து ஒரு ரப்பர் பந்தை வைத்துக்கொள்ளும் பழைய உபாயமே போதும். இலேசான, நடுத்தர நோய்க்குக் கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் சாதனத்தைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவார். உடல் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சடைப்பு எண்ணிக்கை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. எடை குறைக்கும் ஊசி மருந்தான டிர்செபடைடை, பருமனோடு கூடிய நடுத்தர, கடும் மூச்சடைப்புக்குத் தருவதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. அதைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்தாக நினைக்க வேண்டாம்.

நாகஸ்வரம் வாசித்தால் குறட்டை போகும் என்கிறார்களே என்று ஒரு வித்வானின் பிள்ளையே என்னிடம் கேட்டார். சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்து நடந்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், டிஜெரிடூ என்ற ஆஸ்திரேலியப் பழங்குடிக் காற்றுக்கருவியை நான்கு மாதம் பழகியவர்களுக்கு நடுத்தர மூச்சடைப்பு குறைந்தது உண்மை. மேல் தொண்டைத் தசைகளுக்குக் கிடைத்த பயிற்சியே காரணம் என்று கருதினார்கள். சீவாளி வழியாகக் காற்றை அழுத்தி ஊதும் நாகஸ்வரத்துக்கும் அதே பலனை அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. திருவாவடுதுறை மண்ணில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

பல ஆண்டுகளாகத் தூக்க மாத்திரை போடுகிறேன். நிறுத்தலாமா?

நிறுத்தலாம், ஆனால் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளைப் பல மாதம் போட்டவர்கள் திடீரென நிறுத்தினால் நடுக்கம், கடும் பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும். அளவைச் சிறிது சிறிதாக, வாரங்கள் அல்லது மாதங்களில், மருத்துவர் சொல்லும் கணக்கில் குறைக்க வேண்டும். முதல் வாரங்களில் நன்றாக வேலை செய்த மாத்திரை பிறகு அதே அளவில் வேலை செய்யாமல் போவது இந்த மருந்துகளின் இயல்பு. அதன்பின் அது தூக்கத்தைக் கொடுப்பதைவிட, அது இல்லாவிட்டால் வரும் தவிப்பைத் தள்ளிப்போடுகிறது. நிறுத்திய இரவில் தூக்கம் வராததைக் காட்டி, மாத்திரை இல்லாமல் எனக்கு முடியாது என்று பலர் சொல்கிறார்கள். அது மாத்திரை விட்டுச்சென்ற தவிப்பு, பழைய நோயல்ல.

அல்பிரசோலமும் சோல்பிடெமும் இந்தியாவில் 2014 மார்ச் முதல் எச்-1 பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பழைய சீட்டையே நான்கு ஆண்டுகள் காட்டி வாங்கிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வயதானவர்கள் இந்த மயக்கத்தோடு கொல்லைப்புறக் கழிப்பறைக்கு எழுந்து போய் இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள். மூச்சடைப்பு இருப்பவர்களுக்கு இந்த மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி, மூளை விழிப்பதையும் தாமதப்படுத்தலாம்; குறட்டை விடுகிறவருக்குப் பரிசோதிக்காமல் தூக்க மாத்திரை தரக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது அதனால்தான். அரிப்புக்கும் சளிக்கும் தரும் பழைய மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போடும் பழக்கமும் முதியவர்களுக்கு நல்லதல்ல. புத்தித் தடுமாற்றமும் சிறுநீர் அடைப்பும் வரலாம்.

மாத்திரை இல்லாமல் தூக்கமின்மைக்கு என்ன சிகிச்சை?

வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, அதனால் பகலும் கெட்டால் நாள்பட்ட தூக்கமின்மை என்கிறோம். இதற்கு முதல் சிகிச்சை மருந்தல்ல, தூக்கப் பழக்கத்தை மாற்றும் நடத்தைச் சிகிச்சை. ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். அதன் இரண்டு தூண்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, படுக்கைக்கும் விழிப்புக்கும் உள்ள உறவை அறுப்பது. தூக்கம் வந்தால் மட்டும் படுங்கள். இருபது நிமிடம் போலப் புரண்டும் வரவில்லை என்றால் எழுந்து கூடத்துக்கு வந்து, மங்கிய வெளிச்சத்தில் ஊஞ்சலிலோ நாற்காலியிலோ உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள். எத்தனை முறையானாலும் சரி. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், செல்போனைக் கையில் எடுக்காதீர்கள்.

இரண்டாவது, படுக்கையில் இருக்கும் நேரத்தைச் சுருக்குவது. கேட்டவுடன் கோபம் வரும்; தூக்கமே இல்லை என்று வந்தவனிடம் இன்னும் குறைவாகப் படு என்கிறாரே என்று. இரவு ஒன்பதுக்குப் படுத்து ஐந்துக்கு எழும் ஒருவர், எட்டு மணி நேரத்தில் ஐந்தரைதான் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பதினொன்றரைக்குப் படுத்து ஐந்துக்கே எழச் சொல்லுவோம், பகல் தூக்கமும் கூடாது. முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். தூக்கப் பசி சேரச் சேரப் படுத்ததும் தூக்கம் பிடிக்கும், நடுவிழிப்பு குறையும். படுக்கையில் இருந்த நேரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தூக்கமாகிவிட்டால் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம். இப்படி வாரத்துக்கு வாரம் நீட்டிக்கொண்டு போகலாம். வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்களும், ஓட்டுநர்களும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

விடிகாலை மூன்று மணிக்கு விழித்தால் பிறகு தூக்கமே வருவதில்லை. மனது கனக்கிறது. வயதானால் இப்படித்தானா?

வயது ஏறினால் தூக்கம் இலேசாவதும் முன்னதாக விழிப்பதும் இயல்பு. ஆனால் மனது கனப்பதும், சாப்பாட்டில் விருப்பம் போவதும், எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுவதும் வயதின் இயல்பல்ல. அவை மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். அதற்குச் சிகிச்சை செய்தால் தூக்கமும் பெரும்பாலும் சீர்படும். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலும் காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். வீட்டிலிருப்பவர்கள் பூச்சிமருந்துப் புட்டிகளைப் பூட்டி வைக்க வேண்டும்.

மாலை காபியை விட வேண்டுமா?

கும்பகோணத்துக்காரர்கள் கேட்கும்போது சங்கடமாகத்தான் இருக்கிறது. குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது, சிலருக்கு இன்னும் கூடுதல். தூக்கம் வராதவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு காபி, டீ இரண்டையும் நிறுத்திப் பாருங்கள். சிக்கரியில் கஃபீன் இல்லை. எனவே சிக்கரி கூடுதலாகக் கலந்த தூள் காபிப் பிரியர்களுக்குக் குற்றம் என்றாலும் தூக்கத்துக்கு அது நண்பன்.

கொஞ்சம் மது குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறதே?

சீக்கிரம் வருகிறது, பின்னிரவில் உடைந்துபோகிறது. குறட்டையும் மூச்சடைப்பும் அன்றிரவு கூடும்.

முறைத் தண்ணீருக்கும் மோட்டாருக்கும் இரவில் கண்விழிக்க வேண்டியிருக்கிறது. அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல். எப்படிச் சமாளிப்பது?

வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் கடைமடை வரை தண்ணீர் வந்து சேரும் நாட்களில் மடைக்கு ஆள் நிற்க வேண்டும். மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் இரவில்தான் மோட்டார் போட வேண்டும். தை, மாசியில் நேரடிக் கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய் போர்த்திய குவியலின் மேலேயே படுக்கிறவர்களும் உண்டு. கண்விழிக்காதீர்கள் என்று இவர்களுக்குச் சொல்வது வீண் உபதேசம். அறுவடை இயந்திர ஓட்டுநர்கள், முகூர்த்தத்துக்காக இரவு இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டும் சமையல்காரர்கள், நாகையில் இருட்டோடு கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள்.

செய்யக்கூடியது இது. இரவு வேலை என்று தெரிந்த நாளில் மாலையிலேயே ஒன்றரை மணி நேரம் தூங்கிவிடுங்கள். கடனை அடைப்பதைவிடக் கையில் முன்பணம் வைத்திருப்பது மேல். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒருவராவது தொடர்ச்சியாக நான்கு மணி நேரம் தூங்குங்கள். காபி முன்னிரவோடு போதும். விடிந்து வீடு திரும்பும்போது வெயில் முகத்தில் பட்டால் மூளை விழித்துக்கொள்ளும். தலையில் துண்டைப் போட்டு நிழலாக வந்து, சாப்பிட்டதும் இருட்டான அறையில் படுத்துவிடுங்கள்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கவனமும், ரத்தத்தில் நூறு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மது இருப்பவருடையதைப் போலத் தடுமாறுவதை 1997-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இந்தியச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிப்பது 30 மில்லிகிராம்தான். காலை ஐந்துக்கு எழுந்தவர் இரவு பத்துக்கு மேல் வேன் ஓட்டினால் அவர் குடிக்காமலே அந்த எல்லையைத் தாண்டியவர். வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் இரவோடு இரவாக வேன் பேசுகிறவர்கள், ஓட்டுநர் பகலில் தூங்கினாரா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். தூக்கம் வந்தால் கண்ணாடியை இறக்குவதும், பாட்டைச் சத்தமாக வைப்பதும் உதவாது. வண்டியை ஓரம் கட்டி இருபது நிமிடம் தூங்குவதே வழி.

தரையில் படுக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கடித்த இடம் வலிக்காமலும் தடம் தெரியாமலும் போகலாம். களத்திலோ வரப்பிலோ படுத்தவர் காலையில் இமை தூக்க முடியாமல், வயிற்றுவலியோடு, எச்சில் விழுங்கத் திணறினால் அதைத் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாமல் அந்த நிமிடமே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கயிற்றுக் கட்டிலும் ஓரம் செருகிய கொசுவலையும் நல்ல பாதுகாப்பு.

கணவர் குவைத்தில் இருக்கிறார். அவர் பேசி முடிக்க இங்கே நள்ளிரவாகிவிடுகிறது.

குவைத்தின் இரவு பத்து மணி நமக்குப் பன்னிரண்டரை. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பெண்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஐந்தரைக்கு எழ வேண்டியிருப்பதால் இது நோயல்ல, தூக்கப் பற்றாக்குறை, மாத்திரையால் தீராது. வார நாட்களில் அவருடைய மாலை இடைவேளைக்குப் பேச்சை மாற்றிக்கொண்டு, நீண்ட பேச்சை அவருடைய விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படுத்ததும் கால் குடைச்சல் தாங்கவில்லை. எழுந்து நடந்தால் சரியாகிறது.

நீங்கள் சொன்ன இரண்டு வரியிலேயே நோய் தெரிகிறது. ஓய்வில் வருவது, மாலையிலும் இரவிலும் கூடுவது, காலை அசைத்தே தீரவேண்டும் என்ற தவிப்பு, நடந்தால் தணிவது ஆகிய நான்கும் சேர்ந்தால் ஓய்வற்ற கால் நோய். கெண்டைக்கால் சதை இறுகிப் பிடித்துக்கொள்வது வேறு. முதலில் ரத்தத்தில், உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்ப்போம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் 75-க்கு மேல் இல்லாவிட்டால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். கர்ப்பிணிகளுக்கும், மாதவிலக்கு மிகுதியாகப் போகும் பெண்களுக்கும், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கும் இது அடிக்கடி வருகிறது. இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு சேர்க்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. வேறு நோய்க்குப் போடும் சில மாத்திரைகளும் குடைச்சலைக் கூட்டும் என்பதால் எல்லாச் சீட்டுகளையும் கொண்டுவாருங்கள்.

தூக்கத்தில் பேய் அமுக்குவதுபோல இருக்கிறது. கண் திறந்திருக்கிறது, கத்த முடியவில்லை.

கனவு காணும் தூக்கத்தில் உடம்பின் தசைகளை மூளை தற்காலிகமாகக் கட்டிப்போடுகிறது. கனவில் ஓடினால் உண்மையில் ஓடாமல் இருப்பதற்காக. சில வேளை கண் விழித்துவிடும், கட்டு மட்டும் அவிழ்ந்திருக்காது. மார்பில் பாரமும், அறையில் யாரோ நிற்கும் தோற்றமும் கனவின் மிச்சம். சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடத்தில் தானே விலகும். தூக்கம் குறைந்த நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் கூடுதலாக வரும். தாயத்துக் கட்டியவர்களை நான் கழற்றச் சொல்வதில்லை, பயம் குறைந்தால் தூக்கம் கூடும். ஆனால் இதோடு பகலில் அடக்க முடியாத தூக்கமும், சிரித்தால் முழங்கால் தொய்வதும் சேர்ந்தால் நார்கோலெப்சி என்ற வேறு நோயாக இருக்கலாம். அவசியம் வர வேண்டும்.

அப்பா தூக்கத்தில் கத்துகிறார், அம்மாவை ஒருநாள் அடித்தேவிட்டார். விழித்தபின் கனவில் திருடனைத் துரத்தினேன் என்கிறார்.

மேலே சொன்ன தசைக்கட்டு சரியாக விழாததால் கனவை அப்படியே நடித்துவிடுகிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்கின்சன் போன்ற நோய்களுக்குப் பல ஆண்டுகள் முன்னோடியாக வரக்கூடியது. அம்மாவின் மேல் கோபம் என்று குடும்பத்தில் பேச்சு எழுந்தால் அதை உடனே நிறுத்துங்கள். உயரமான கட்டிலை விட்டுத் தரையில் மெத்தை போட்டுத் தனியே படுக்க வையுங்கள். பக்கத்தில் கண்ணாடிச் செம்பு, அரிவாள்மனை, கூர்மையான மர விளிம்பு எதுவும் வேண்டாம்.

ஏழு வயதுப் பிள்ளை வாயைத் திறந்தபடி குறட்டை விடுகிறான். பள்ளியில் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறானாம்.

பெரியவர்கள் தூக்கம் போதாவிட்டால் சோர்ந்துபோவார்கள், பிள்ளைகள் துறுதுறுப்பார்கள். படுக்கையில் சிறுநீர் கழிப்பது, கழுத்தை அண்ணாந்து தூங்குவது, படிப்பில் பின்தங்குவது எல்லாம் இதோடு வரலாம். பிள்ளைகளுக்கு மணிக்கு ஒரு முறை மூச்சு நின்றாலே இயல்பல்ல. பெரும்பாலும் டான்சிலும், மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையும் வீங்கியிருப்பதே காரணம். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் அறுவை செய்து அகற்றினால் பலரும் தெளிந்துவிடுகிறார்கள். குறும்புக்கார முத்திரை குத்துவதற்கு முன் மூக்கைப் பாருங்கள் என்று ஆசிரியர்களிடமும் சொல்லிவருகிறேன்.

வடக்கே தலைவைத்துப் படுத்தால் தூக்கம் கெடுமா?

கெடுவதற்கு மருத்துவச் சான்று இல்லை. எந்தத் திசையானாலும் ஒருக்களித்துப் படுங்கள்.

தூக்கப் பரிசோதனைக்கு எப்படி வர வேண்டும்?

மூச்சடைப்பு என்று ஏறக்குறையத் தெரிந்தவர்களுக்கு வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சிறிய கருவி போதும். மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பட்டை, விரலில் ஒரு கவ்வி. வலிப்பா, கனவை நடிப்பதா, நார்கோலெப்சியா என்ற சந்தேகம் இருந்தால் ஓரிரவு மருத்துவமனையில் தங்கி முழுப் பரிசோதனை. தலையில், கண்ணோரத்தில், முகவாயில், காலில் என்று இருபதுக்கு மேற்பட்ட கம்பிகளை ஒட்டுவோம். வலியோ ஊசியோ கிடையாது.

அன்று காலை சீயக்காயோ ஷாம்புவோ போட்டுத் தலை குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வாருங்கள். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று தேங்காயெண்ணெய் தடவி வழித்து வாரி, பூவும் வைத்து வந்த அம்மாக்களுக்கு நள்ளிரவில் கம்பிகள் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்து, மறுபடி ஒருநாள் வரச்சொல்ல நேர்ந்திருக்கிறது. நகப்பூச்சு இருந்தால் ஒரு விரலிலாவது அழித்துவிடுங்கள், ஆக்சிஜன் கவ்விக்கு அது தடை. பகலில் தூங்க வேண்டாம், மதியத்துக்குமேல் காபி வேண்டாம், வழக்கமான மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். சொந்தத் தலையணையும் போர்வையும் கொண்டுவரலாம். கட்டில் பழக்கமில்லை, பாய்தான் வேண்டும் என்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கம்பிகள் போய்ச் சேரும் பெட்டியைக் கீழே இறக்கி வைத்துக் கம்பி எட்டும்படி ஏற்பாடு செய்வோம். நம் பகுதியில் அப்படிக் கேட்பவர்கள் குறைவில்லை.